காசு கொடுத்து ஓட்டுகிறவள்

ஜோசபின் என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் தங்கை ஷீலாவின் புலம்பலில்தான். மகன் கிறிஸ்டோபருக்குப் பெண் பார்க்கத் தாபோடிக்குப் போய்வந்திருந்தாள். "காபி குடுத்தா, சரி. மழை வந்திச்சு. உடனே அந்தப் பொண்ணே அவங்கப்பா வேனை எடுத்து எங்களையே வீட்டுல கொண்டாந்து விட்டுட்டா! பொண்ணு பாக்கப் போனோமா, சவாரி போனோமாக்கா?" கிறிஸ்டோபர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேனைப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டினாள். எந்த வாசலிலும் ஹாரன் அடிக்கமாட்டாள். "அடிச்சா புள்ளைங்க பதறி ஓடிவரும் பெரியம்மா. படியில விழும்." இஞ்சினை அணைக்காமல் காத்திருப்பாள். அந்தச் சத்தத்துக்கே பிள்ளைகள் இறங்கி வரும். வேறு யாராவது ஓட்டும் ரிக்‌ஷாவில் ஏறினால் அவள் வலதுகால் சும்மா இருக்காது. இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்.

தாய்மார் அவளை நம்பினார்கள். ஒரு வேன் நாலைந்தாகி, போசரியில் ஆபீசும் வந்தது. தாபோடியை விட்டுக் கோந்த்வாவில் வீடு வாங்கிக் குடிபோனார்கள். பிடித்த வேலை காசு தருமா என்பார்கள். தந்தது. தந்த கையோடு அவளை வேனை விட்டு இறக்கி, போன் எடுக்க நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது. ஒருநாள் பார்க்கப் போனேன். மேசைக்கடியில் அந்த வலதுகால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

போன வருஷம் பெரிய பள்ளிக்கூடம் ஒன்று தன் பிள்ளைகள் எல்லோரையும் அவள் வண்டிகளிலேயே ஏற்றச் சம்மதித்தது. பகல் முழுக்க முதலாளி ஆபீசில் இருக்கவேண்டும், அதுதான் நிபந்தனை.

"ஒத்துக்கோ ஜோ. இன்னும் எத்தனை நாளு காடி ஓட்டுவே?" என்றான் கிறிஸ்டோபர்.

"ஓட்டி எத்தனை நாளாச்சு, அதக் கேளு."

அவள் ஒத்துக்கொண்டாள். ஆனால் போசரியிலேயே வேன் வைத்திருந்த கோவிந்தராஜைக் கூப்பிட்டுத் தொழிலில் பாதியை எழுதிக்கொடுத்து, அவரை முதலாளி நாற்காலியில் உட்கார்த்தினாள்.

"பாகல் ஆயிட்டியா, புத்தி கெட்டுப்போச்சா? பாதிய வெளியாளுக்கா?" என்று கிறிஸ்டோபர் கத்தினான்.

"எல்லாரும் ஓட்டிக் காசு வாங்குறாங்க. நான் காசு குடுத்து ஓட்டிக்கிறேன், போ."

வருமானம் இளைத்தது. கோந்த்வா வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் தாபோடிக்கே திரும்பினார்கள். ஷீலா எனக்குப் போன் போட்டு அழுதாள்.

பள்ளிக்கூட நாளில் விடிந்ததும் ஜோசபின் இருக்குமிடம் எனக்குத் தெரியும். யாரோ ஒரு பிள்ளையின் வீட்டு வாசலில், ஹாரனில் கை வைக்காமல், இஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கிறாள்.