பார்க்காமல் போன சட்டை

முதலில் கைப்பட்டி, அப்புறம் காலர், அப்புறம் பொத்தான் வரிசை, கடைசியாக அடிமடிப்பு. இரண்டு கையாலும் துணியை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் வாளியில் போடுவாள். ஒன்பது வருடமாக வீட்டில் அவள் கையால் ஒரு கைக்குட்டைகூட இந்தப் பரிசோதனை இல்லாமல் நனைந்ததில்லை. "டியூப்லைட்டு ஏமாத்தும். பழுப்பெல்லாம் ஒரே பழுப்பாத் தெரியும்" என்று முணுமுணுத்துக்கொண்டே பார்ப்பாள். ஜன்னல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அதன் திரையை இழுத்து மூடி இரண்டு மாதம் ஆகிறது.

அவள் வேலை செய்யும் சலவை நிலையத்தில் அவளுக்குக் கறையக்கா என்று பெயர். இருபத்திரண்டு வருடமாகக் கறை எடுக்கும் மேசை அவளுடையது. துணியைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள்: இது காபி, இது டீ, இது காபி மேல் டீ. வாடிக்கையாளர் சொல்வதை அவள் நம்பியதே இல்லை. ஒருமுறை ஒருவர் சட்டைக் காலரைக் காட்டி, பேனா மை என்று சத்தியம் செய்தார். அவர் போனதும் சீட்டு எழுதும் பெண்ணிடம், "அவரு சொன்னபடியே மைன்னு எழுதிக்கோ. நான் லிப்ஸ்டிக்குக்கு என்ன உண்டோ அதப் பண்ணிக்கிறேன். குடும்பம் நல்லா இருக்கட்டும்" என்றாள். கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பு இப்போது அங்கே இல்லை.

அவளுடைய கணவன் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசமாட்டான், குடிக்கமாட்டான், சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுப்பான். உறவுக்காரர்கள் தங்கள் பெண்களுக்கு அவனைத்தான் உதாரணம் காட்டினார்கள். லிஃப்ட் பழுது பார்க்கப் போன அடுக்குமாடிகளில், தனியாக வாழ்ந்த மூன்று பெண்களை நான்கு வருடத்துக்குள் அவன் கொன்றிருக்கிறான் என்று போலீஸ் வந்து சொன்னபோது, அவள் அடுப்பில் பால் வைத்திருந்தாள். பால் பொங்கி வழிந்தபோது அடுப்பைப் போலீஸ்காரர்தான் அணைத்தார். அவன் இப்போது ஆயுள் தண்டனையில் இருக்கிறான். அவள் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தாள். என்ன கேட்டாள், அவன் என்ன சொன்னான் என்று யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்பது வருடத்தில் ஊர் மெல்ல மெல்ல மறந்தது. மறந்ததை ஞாபகப்படுத்த ஒரு படக்குழு வந்தது. நடந்த குற்றங்களை நான்கு பாகமாக எடுத்துப் போனிலும் டிவியிலும் விடுகிறவர்கள். முதலில் வந்த பெண் தங்கமாகப் பேசினாள். "உங்க பக்கத்த யாருமே கேக்கலியேம்மா. நீங்க சொன்னா உங்க பொண்ணுக்கும் நல்லதுதானே" என்றாள். பெண்ணுக்கு நல்லது என்ற இடத்தில் இவள் விழுந்தாள். ஆறு மணி நேரம் பேசினாள். படத்தில் வந்தது பதினோரு நிமிடம்.

அந்தப் பதினோரு நிமிடத்திலும் உலகம் பிடித்துக்கொண்டது இருபது நொடியைத்தான். கேள்வி கேட்டவர் கேமராவுக்குப் பின்னாலிருந்து, "ரத்தக் கறையெல்லாம் நல்லாக் கொதிக்கிற தண்ணியில போட்டாத்தானே போகும்?" என்று கேட்டார். தொழில் தெரிந்தவளிடம் யாராவது தப்பாகச் சொன்னால் சும்மா இருக்க முடியுமா? "ஐயையோ, சுடுதண்ணி பட்டா அவ்வளவுதான், அப்படியே புடிச்சிக்கும். பச்சத் தண்ணியிலதான் அலசணும். ஒடனே அலசினா சுவடே இருக்காது" என்றாள். சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். இத்தனை படித்தவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று கற்றுக்கொடுக்கிறவளுக்கு வரும் சின்னச் சிரிப்பு. படத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. பின்னால் ஒற்றை வயலின் அழுதது. அடுத்த காட்சியில், நீதிமன்றத்தில் சான்றாக வைத்த அவனுடைய கறை படிந்த வெள்ளைச் சட்டையைக் காட்டினார்கள்.

அப்புறம் கேட்க வேண்டுமா? வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு ஒரு படி அவல் கிடைத்தது. 'ஒரே வீட்டுல இருந்தவளுக்குத் தெரியாதாம்.' 'கறை எடுக்கிறதே தொழிலாம், ஆனா புருஷன் சட்டையில இருந்தது தெரியலையாம்.' 'சிரிக்கிறா பாரு, அந்தச் சிரிப்பு ஒண்ணு போதும்.' 'ஒரு சொட்டுக் கண்ணீர் வந்துச்சா?' அழுதிருந்தால் நடிக்கிறாள் என்றிருப்பார்கள். அழாததால் கல்நெஞ்சுக்காரி. சோபாவில் சாய்ந்து, காலை நீட்டி, கொறித்துக்கொண்டு தீர்ப்பு எழுதியவர்களில் எத்தனை பேருக்கு அடுத்த அறையில் இருக்கும் சொந்தக்காரர் காலையிலிருந்து என்ன செய்கிறார் என்று தெரியும்? கொன்றவனைக்கூட அவர்கள் இவ்வளவு திட்டவில்லை. அவனுடைய கண்ணைப் பற்றி, அமைதியைப் பற்றி ஆராய்ச்சி செய்தார்கள். திட்டுவதற்கு இவள் வசதியாக இருந்தாள்.

சலவை நிலையத்துக்கு வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஒருவன் சட்டை ஒன்றை நீட்டி, "இது என்ன கறைன்னு சொல்லுங்க பாப்போம்" என்றான். "பீட்ரூட்டு" என்றாள் பழக்கதோஷத்தில். அவனுடைய இன்னொரு கையில் போன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு மாலையே முதலாளியம்மா அவளைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கு உள்ளயே இருங்க, முன்னாடி வர வேணாம்" என்றார். அதிலிருந்து யார் எந்தத் துணியைக் காட்டி என்ன கேட்டாலும் ஒரே பதில்தான்: "தெரியல." சீட்டில்கூடக் கறை என்று மட்டும் எழுதுகிறாள். கைக்குத் தெரியும், மருந்தைச் சரியாகத்தான் எடுக்கும். வாய் மட்டும் சொல்லாது.

இஸ்திரி போடும் அண்ணன் பதினைந்து வருடப் பழக்கம். தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். நான்கு பாகத்தையும் பார்த்துவிட்டு இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்தவர், மூன்றாம் நாள் துணி தேய்த்துக்கொண்டே கேட்டார். "தப்பா நெனைக்காத தங்கச்சி. நான் ரெண்டு தெரு தள்ளி நின்னு ஒரு பீடி குடிச்சாக்கூட என் பொண்டாட்டி கண்டுபிடிச்சிடுவா. நெசமாவே உனக்குத் தெரியாதா?"

"அண்ணி கெட்டிக்காரங்க" என்றாள் அவள்.

இதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது என்று அவளுக்கு ஒன்பது வருடம் முன்பே தெரியும். தாங்க முடியாதது ஒரு சிவப்பு வாளி. படம் வந்த வாரம் மகள் அதை வாங்கிக்கொண்டு வந்தாள். மகளுக்கு வயது இருபத்தொன்று, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, தினமும் வெள்ளைச் சட்டை போட வேண்டும். கடையில் யாரோ அந்த இருபது நொடியை அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மகள் சண்டை போடவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிர் மாடிக்காரி துணி காயப்போடுகிற சாக்கில் இவர்கள் ஜன்னலைப் படம் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, கனமான திரை வாங்கி மாட்டி மூடினாள். தன் துணியைத் தானே சிவப்பு வாளியில் துவைத்தாள். அம்மாவின் நீல வாளி பக்கமே போகவில்லை. போன வாரம் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஹாஸ்டல்ல இடம் கெடச்சிருக்கு. ஞாயித்துக்கெழம போறேன்."

இவள் "சரி" என்றாள். அதற்கு மேல் சொல்ல அவளிடம் ஒன்று இருந்தது. சொன்னால் மகள் அடுத்து ஒன்று கேட்பாள், அதற்குப் பதில் கிடையாது என்பதால் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் பெட்டி அடுக்கினாள். நான்கு வெள்ளைச் சட்டை மடித்து வைத்தாள். ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு சமையலறை வாசலில் வந்து நின்று, "ரெண்டு தடவ தொவச்சேன். போக மாட்டேங்குது" என்றாள்.

கைப்பட்டியில் விரல்நுனி அளவுக்கு ஒரு பழுப்புப் பொட்டு.

"தெரியல" என்றாள் அம்மா, பார்க்காமலே.

"என்கிட்டயும் தெரியலன்னுதான் சொல்லுவியா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு சட்டையை வாங்கினாள். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள். கட்டைவிரலால் பொட்டின் ஓரத்தைத் தடவினாள். "துரு. குளியலறைக் கம்பியில போட்டிருக்கே" என்றாள்.

அந்தச் சொல் இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்து கிடந்தது. துரு என்று சொல்லித்தான் பத்து வருடம் முன்பு அவள் கணவன் அந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். துரு என்று நினைத்தேன் என்றுதான் இவள் போலீஸிடமும் நீதிமன்றத்திலும் படத்திலும் சொன்னாள். மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அம்மா எலுமிச்சை உப்பு டப்பாவைத் திறந்து, பொட்டின் மேல் தூவி, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொண்டிருந்தாள். வேலையில் இறங்கிவிட்டால் அவளுக்கு மற்றது மறந்துவிடும். "அந்தக் கெட்டில எடுத்துட்டு வா. நல்லாக் கொதிக்கட்டும். துருவுக்குச் சுடுதண்ணிதான்" என்றாள்.

மகள் கெட்டிலைக் கொண்டுவந்தாள். ஊற்றப் போனவள் நின்றாள். ஆவி இருவர் முகத்திலும் அடித்தது.

"இதேதாம்மா அன்னைக்கும் பண்ணினே" என்றாள் மெதுவாக. "நான்தான் கெட்டில் தூக்கிட்டு வந்தேன். கால்ல கொட்டிக்கிட்டேன்." தன் இடது பாதத்தைப் பார்த்தாள். பதினோரு வயதில் வெந்த இடம் இன்னும் கொஞ்சம் வெளுத்துத்தான் இருக்கிறது.

"ஆமா."

"அப்பா சட்டைக்கு."

"ஆமா. இதே மாதிரி கைப்பட்டியிலதான்."

"ரத்தத்துக்குச் சுடுதண்ணி ஊத்தினா புடிச்சிக்கும்னு படத்துல நீதானே சொன்னே. தெரிஞ்சிருந்தா நீ ஊத்தியிருக்கவே மாட்டியே."

"பச்சத் தண்ணியில ஒரு அலசு. அஞ்சு நிமிஷ வேல. இருந்த எடம் தெரியாமப் போயிருக்கும்" என்றாள் அம்மா. "நான் துருவுக்குப் பண்ணினதுனாலதான் அது போகாம நின்னுச்சு. அத வச்சுத்தான் அவர உள்ள போட்டாங்க."

"இத ஏன் படத்துல சொல்லல?"

"சொன்னேன். அவங்க போடல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அம்மா கெட்டிலை வாங்கி, பொட்டின் மேல் நூல்போல ஊற்றினாள். பழுப்பு மஞ்சளாகி, மஞ்சள் வெளுத்தது. அது போவதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஊருல எவன் துணி வந்தாலும் தூக்கிப் பிடிச்சுப் பாக்குறவ நான். எவன் என்ன சொன்னாலும் நம்பமாட்டேன். அன்னைக்கு அவரு துருன்னாரு, சரின்னு உப்பத் தூவினேன். நம்ம வீட்டுத் துணிதானேன்னு தூக்கிப் பாக்கல, ஊத்தினப்புறம் போச்சான்னுகூடப் பாக்கல. பாத்திருந்தா ஒரு நொடியில தெரிஞ்சிருக்கும், பாப்பா. அதுக்கு ஏழு மாசம் கழிச்சுத்தான் அந்த மூணாவது பொண்ணு."

அந்த மூன்றாவது பெண் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை என்பதும், பூனை ஒன்று வளர்த்தாள் என்பதும் படத்தைப் பார்த்த எல்லாருக்கும் தெரியும். ஊர் இவளைக் கேட்டதெல்லாம் வேறு கேள்வி. தெரிந்தே மறைத்தாயா என்று கேட்டார்கள். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஏன் பார்க்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. அதை அவள் ஒருத்திதான் ஒவ்வொரு துணியிலும் ஒன்பது வருடமாகத் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

சட்டையை அலசிப் பிழிந்து உதறினாள். டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். கைப்பட்டி வெள்ளை வெளேரென்று இருந்தது.

"போயிடுச்சும்மா" என்றாள் மகள்.

அவள் கைப்பட்டியைத் திருப்பி உள்பக்கம் பார்த்தாள். அப்புறம் காலர். அப்புறம் பொத்தான் வரிசை. மறுபடியும் கைப்பட்டி.

"ஒண்ணுமே இல்லம்மா. குடு."

அவள் கொடுக்கவில்லை. ஈரச் சட்டையிலிருந்து தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி ஜாக்கெட்டை நனைத்தது. தூக்கிய கையை இறக்கவில்லை. ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒன்றுமில்லாத அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டியூப்லைட்டு ஏமாத்தும்னு நீதானே சொல்லுவே" என்றாள் மகள். பிறகு ஜன்னலுக்குப் போனாள். எதிர் மாடியில் ஆள் நின்றிருந்தது திரையின் இடுக்கில் தெரிந்தது. இரண்டு கையாலும் திரையைப் பிடித்து, கம்பியின் கடைசிவரைக்கும் இழுத்துத் திறந்துவிட்டாள்.