சொல்லை முழுங்குகிறவர்கள்

எருத்தேன்பதியில் என் மாமியார் வீட்டில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் பார்க்கும் வேலை யாருக்கும் வேலையாகவே தெரியவில்லை. அமெரிக்காவில் கார் விபத்துக்கு இன்ஷூரன்ஸ் கேட்பவர்களை விசாரித்துப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் கேட்டு நான் டைப் அடிக்க வேண்டும். பேசினதை அப்படியே எழுதுவதுதான் விதி. 'கோயிங் டு' என்பதை அவர்கள் 'கன்னா' என்று சுருக்கினால் நானும் கன்னா என்றே எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தில் இப்படி எழுதியிருந்தால் டீச்சர் காதைத் திருகியிருப்பார்.

அந்த வாரம் எனக்கு வந்தது ஒரு கிழவரின் விசாரணை. எதைக் கேட்டாலும் பாதிச் சொல்லை முழுங்கிவிடுவார். சொன்னது 'டோன்ட் நோ'வா 'டன்னோ'வா என்று தெரிய, அதே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கூடவே முணுமுணுத்தும் பார்ப்பேன். அத்தை வாசற்படியில் மொச்சை உரித்தபடி என்னையே பார்த்தார். பிறகு தண்ணீர் கொடுக்கிற சாக்கில் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். ஹெட்போனில் ஆம்பளைக் குரல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்விட்டுக் கேட்டாலாவது பதில் சொல்லலாம். அத்தை என்னைக் கேட்கவில்லை; கோழிக்கோட்டுக்கு லாரி ஓட்டுகிற மகனுக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து பேசுவதாக என் கணவர் சொன்னது எனக்கும் கேட்டது. வேலை போய்விடுமென்று பயந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சத்தமாகவே ஓடவிட்டேன். அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனம்மிணி, அதையே எதுக்குத் திருப்பித் திருப்பிப் போடறே?"

"சொல்ல முழுங்கறாருங்க அத்தை. மறுக்கா கேட்டாத்தான் புடிபடும்."

ஒரு சொல்லும் புரியாமலே கொஞ்ச நேரம் கேட்டார். "இவன் என்னமோ மறைக்கறான். அந்த எடத்த மறுக்கா போடு" என்றார். விளக்கு வைக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. சந்தேகம் என்னை விட்டுக் கிழவர்மேல் போயிருந்தது. ஆனாலும் நான் முழுசாக நம்பவில்லை. போன் போட்டவர் அத்தைதானே.

ஞாயிற்றுக்கிழமை கணவர் வந்தார். சாப்பிட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், அந்த ஜோலி நமக்கு வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னார். ஏன் என்று அத்தை கேட்டார்.

"இல்லம்மா, நாலு பேரு..." என்று இழுத்தார். மீதி சோற்றோடு உள்ளே போனது.

அத்தை கரண்டியைக் கீழே வைத்தார்.

"மறுக்கா சொல்லு சாமி. முழுசாச் சொல்லு."

கணவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். திங்கட்கிழமை லாரி கிளம்பியதும், எனக்கு முன்பே அத்தை ஹெட்போனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்.