அலை அடிக்காத இடம்

தேங்காய் மட்டையைக் கடலில் வீசிவிட்டு, இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு நிற்கிறார் சவுரிமுத்து. மட்டை கொஞ்சம் தத்தளித்துவிட்டுக் கரைக்கே திரும்பி வந்து காலடியில் கிடக்கிறது. அதை எத்தித் தள்ளிவிட்டு, சற்று நகர்ந்து போய் இன்னொன்றை வீசுகிறார். அதுவும் திரும்பி வருகிறது. "சீ, போ" என்று அதற்கும் ஓர் உதை. இப்படியே கரையோரமாக நடந்து வீசிக்கொண்டே போகையில் ஒரு மட்டை மட்டும் திரும்பவில்லை. யாரோ நூல் கட்டி இழுப்பது மாதிரி, அவசரமே இல்லாமல், நேராக உள்ளே போகிறது. "அங்க கீது பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மோவாயை அந்தப் பக்கம் தூக்குகிறார். பிறகு நைலான் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, மட்டை போன இடத்தில் தானும் இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுவிடுகிறார். நடுவில் ஒரு டீயைத் தவிர, இனிப் பொழுது சாய்ந்தால்தான் கரையேறுவார்.

கோவளத்தில் கோடைக்கால ஞாயிற்றுக்கிழமைகளில் இதுதான் அவர் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. மற்ற நாட்களில் தம்பி அந்தோணிசாமியோடு கட்டுமரத்தில் மீன் பிடிக்கப் போகிறார். ஐம்பதைத் தாண்டிய கறுத்த உடம்பு. கழுத்தில் மாதா படம் வைத்துத் தைத்த சின்னத் துணித் துண்டு தொங்கும் உத்தரியக் கயிறு. தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதற்காக, மனைவியின் பழைய சிவப்புப் புடவையைக் கிழித்து முண்டாசு கட்டியிருக்கிறார். குளிக்க வருகிறவர்கள் அவரை நெருங்கினால், இங்கே எழுத முடியாத வார்த்தைகளால் திட்டி விரட்டுகிறார். பெண்களாக இருந்தால் மட்டும், "அம்மா, உனுக்குப் புண்ணியமா போவும், அப்பால போ" என்று கெஞ்சுகிறார்.

"பூசைக்கு வராமல் அங்கே என்ன செய்கிறாய்?" என்று பங்குச் சாமியார் ஒருமுறை கேட்டாராம். "நீங்க உள்ள பாத்துக்குங்க சாமி, நான் இங்க பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டாராம்.

கோடை மலருக்குக் கடற்கரையைப் பற்றி ஜில்லென்று ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பத்திரிகையிலிருந்து கேட்டதால்தான் நான் குரோம்பேட்டையிலிருந்து கிளம்பிப் போனேன். வண்டலூர், கேளம்பாக்கம் என்று சுற்றிக்கொண்டு போகிற பஸ்ஸில், முன்சீட்டுக்காரரின் வியர்வையைச் சகித்துக்கொண்டு போய் இறங்கினேன். ஜில்லென்று எதுவும் கிடைக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கத்திரி வெயிலில் காற்று அடியோடு நின்றுபோன நாள் அது. கடல் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. ஏரி மாதிரி கிடந்தது. எப்போதோ ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு ஓர் அலை சோம்பலாக எழுந்து, கரைக்கு வருவதற்குள் மனம் மாறிவிட்டது போல் அடங்கியது. டீக்கடை ரேடியோவில் வானிலை அறிக்கை வாசித்தார்கள். கடல் அமைதியாக இருக்கும், மீனவர்களுக்கு எச்சரிக்கை எதுவும் இல்லை என்றார்கள். டீ குடிக்கக் கரையேறி வந்திருந்த சவுரிமுத்து தரையில் எச்சிலைத் துப்பினார்.

"மீனவனுக்கு எச்சரிக்க இல்ல. கரெட்டு. மத்தவனுக்கு இன்னா சொல்றான்?"

கடல் கொந்தளிக்கிற மாதங்களில் இவருக்கு ஞாயிற்றுக்கிழமை கவலை கிடையாது. அலையைப் பார்த்ததுமே தாம்பரம், பல்லாவரத்துக்காரர்கள் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, கால் நனைத்து, சுண்டல் தின்றுவிட்டுப் போய்விடுவார்கள். "பயம் காட்னா ஜனம் பொழச்சிக்கும் சார். இப்ப பாருங்க, செத்தவன் மாதிரி பட்த்துகினு கீது. இதான் பேஜாரு."

பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு குடும்பம் வந்து பஸ் நிறுத்தம் எங்கே என்று அவரிடம் கேட்டது. கைகளை அக்குளிலிருந்து எடுக்காமல் மோவாயால் காட்டினார். டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரை நீட்டியபோதுதான் அவருடைய வலது கையையே பார்த்தேன். டீயைக் குடித்து முடித்ததும் அந்தக் கை மறுபடியும் அக்குளுக்குள் போய்விட்டது. ஏன் இப்படி என்று கேட்டேன். சொன்னார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், இதே மாதிரி ஒரு செத்த கடல். குரோம்பேட்டைக்குப் பக்கத்து அஸ்தினாபுரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. கணவன் தேவானந்தம், மனைவி நாகலக்ஷ்மி, இரண்டாம் வகுப்பு படிக்கும் பெண் பவித்ரா. சவுரிமுத்து கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மாதான் வந்து கேட்டுச்சு சார். 'அண்ணா, கொழந்தைக்கு அலைன்னா பயம், அலை இல்லாத எடமாப் பாத்து சொல்லுங்க'ன்னுச்சு. நான் தல நிமிந்து பாத்தேன். உள்ள போற வயி பளிச்சுனு தெரிஞ்சுது. காலீல நாங்க மரம் எறக்குன வயி. கைய நீட்டி, 'தோ, அங்க போங்கம்மா, அலையே அடிக்காது'ன்னேன். சொல்லிட்டு வலையப் பாக்க குனிஞ்சிட்டேன்."

அலை, கரைக்குச் சற்றுத் தள்ளி நீருக்கடியில் இருக்கும் மணல் மேட்டில் மோதித்தான் உடைகிறது. இரண்டு மேடுகளுக்கு நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. அங்கே நுரை இருக்காது, இரைச்சல் இருக்காது, அலையும் உடையாது. கட்டுமரக்காரர்கள் அங்கேதான் மரத்தை இறக்குவார்கள். துடுப்புப் போடாமலே கடல் அவர்களை உள்ளே கொண்டுபோய் விடும். சவுரிமுத்து விவரம் தெரிந்த நாளிலிருந்து கடற்கரையில் முதலில் தேடுகிற இடம் அதுதான். அலை இல்லாத இடம் எது என்று கேட்டால் அவர் கை வேறு எங்கே நீளும்? உள்ளே போக வேண்டும் என்கிறவனுக்கு அதைவிடப் பத்திரமான இடம் இல்லை. அந்த அம்மாள் கேட்டது, உள்ளே போகக் கூடாத ஒரு குழந்தைக்கு.

"அது எனுக்குத் தோணவேல்ல சார்" என்றார். "இன்னிக்கு வரைக்கும் அதான் பிரியல. தோணவேல்ல."

குழந்தையின் உடலை அன்றைக்கே எடுத்தார்கள். எடுத்தவர் சவுரிமுத்துதான். குழந்தையைப் பிடிக்கப் போன தேவானந்தம் மறுநாள் முட்டுக்காட்டுப் பக்கம் ஒதுங்கினார்.

அதற்கப்புறம் சவுரிமுத்து செய்து பார்த்த காரியங்கள் பல. அந்த இடத்தில் மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டினார். மூங்கிலைப் பிடுங்கிப் பையன்கள் கிரிக்கெட்டுக்கு ஸ்டம்ப் ஆக்கிக்கொண்டார்கள். பலகையில் 'குளிக்காதீர்' என்று எழுதி வைத்தார். அதன்மேல் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார்கள். தவிர, அந்தப் பள்ளம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. போன வாரம் இருந்த இடத்தில் இந்த வாரம் இருக்காது. அதனால்தான் மட்டை வீசுகிறார். அதனால்தான் தானே போய் நிற்கிறார். ஓர் ஆள் நிற்கிற இடத்தில் இன்னொருவன் வந்து குளிக்க மாட்டான் இல்லையா?

இழுப்புக்கு நடுவில் நிற்பதற்குக் கயிறு வேண்டும். மறுமுனையை முதலில் கரையில் கிடக்கும் கட்டுமரத்தில்தான் கட்டி வைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் பார்த்தால், நாகலக்ஷ்மி அங்கே இருந்தாள். கட்டுமரத்திலிருந்து முடிச்சை அவிழ்த்து, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தாள். இவர் மறுபடி கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து கோடை பிறந்தால் ஒரு ஞாயிறு தவறாமல் வருகிறாள். இடம் கேட்ட அந்த நாளுக்குப் பிறகு அவரிடம் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மீன் விற்கிற பெண்கள் அவளைச் சாடையாகப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். "என்னிக்கின்னா ஒரு நாளு வுட்டுட்டுப் பூடும் பாரு" என்றாள் ஒருத்தி, என் காதில் விழும்படியாகவே. அந்தோணிசாமிக்கும் அதே பயம்தான். "மரத்துலயே கட்டிக்கோண்ணான்னா கேக்க மாட்றான் சார். அவன் உசுர அந்தம்மா கையில குடுத்துட்டு ஜாலியா நின்னுகினு கீறான்."

சவுரிமுத்துவிடமே கேட்டேன். "வுட்டா வுட்டுட்டுப் போவுது சார்" என்றார், டீக்குக் காசு கொடுத்துக்கொண்டே. "அது, அது இஷ்டம்."

அவர் மறுபடி தண்ணீரில் இறங்கியதும் நான் நாகலக்ஷ்மியிடம் போனேன். தாம்பரத்தில் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலும் நீல நிறப் பையுமாக உட்கார்ந்திருந்தாள். கடலைப் பார்க்கவில்லை. கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்திரிகைக்காரன் என்று சொன்னால் எழுந்து போய்விடுவாளோ என்று பயந்துகொண்டே சொன்னேன். போகவில்லை. இதை எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுதுங்க, என்ன இப்ப" என்றாள்.

"கயிற்றை நீங்கள் ஏன் பிடிக்க வேண்டும்?" என்று கேட்டேன். கையில் சுற்றியிருந்த கயிற்றை ஒரு சுற்று அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டாள். கேட்டிருக்கக் கூடாதுதான்.

"கேட்டது நான்தானே சார்" என்றாள். "எல்லாரும் அவர் காட்டினதைத்தான் சொல்றாங்க. நான் கேட்டதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க." பிறகு, விலை விசாரிக்கிற குரலில், "விட்டுடணும்னு எனக்குத் தோணுதான்னு பாக்கத்தான் வாரா வாரம் வரேன்" என்றாள்.

தோன்றுகிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதற்கப்புறம் நான் கடலைப் பார்க்கவே இல்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

உச்சி வெயில் தாழ்ந்ததும் லேசாகக் காற்று எழும்பியது. கடலில் எதுவும் மாறியதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் சவுரிமுத்து நின்ற இடத்தில் நிற்காமல் காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பது தெரிந்தது. இழுப்பு அவர் காலடியை விட்டு நழுவி வடக்கே நகர்ந்திருக்கிறது. அவர் திரும்பிப் பார்ப்பதற்குள், வடக்கே குளித்துக்கொண்டிருந்த இளவட்டக் கும்பலில் ஒருவனை அது பிடித்துவிட்டது. கரையிலிருந்த நண்பனின் கேமராவுக்காக, கடலுக்கு முதுகைக் காட்டிக் கை இரண்டையும் தூக்கிக்கொண்டு நின்றவன். தூக்கிய கை தூக்கியபடியே உள்ளே போய்க்கொண்டிருந்தது. படம் எடுப்பவனுக்கு அது இன்னும் போஸாகத்தான் தெரிந்தது.

சவுரிமுத்து இரண்டு எட்டு வடக்கே பாய்ந்து, அந்த இழுப்பிலேயே விழுந்து, அது போகிற வேகத்துக்குத் தானும் போனார். நாகலக்ஷ்மியின் பக்கத்தில் சுருளாகக் கிடந்த கயிறு சரசரவென்று அவிழ்ந்து ஓடியது. அவள் எழுந்துவிட்டாள். கயிறு உள்ளங்கையை உரசிக்கொண்டு ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. விடப்போகிறாள் என்றே நினைத்தேன்.

சுருள் தீர்ந்தது. மணிக்கட்டில் சுற்றியிருந்த முனை அவளை முன்னால் இழுத்தது. குதிகாலை மணலில் ஊன்றினாள். மணல் சரிந்தது. முழங்கால் வரை தண்ணீருக்குள் இழுபட்டுப் போனாள்.

"குடும்மா, குடு!" என்று அந்தோணிசாமியும் இன்னும் இருவரும் ஓடிவந்து கயிற்றைப் பறிக்கப் பார்த்தார்கள். அவள் கொடுக்கவில்லை. முழங்கையால் அந்தோணிசாமியை நெஞ்சிலேயே இடித்துத் தள்ளினாள். வேறு வழியில்லாமல், அவளுக்கு முன்னாலும் பின்னாலுமாக எட்டிய இடத்தில் கயிற்றைப் பிடித்து எல்லாரும் இழுத்தார்கள். நானும் போய்ப் பிடித்தேன். என்னால் உபயோகம் இருந்திருக்காது.

முதலில் சிவப்பு முண்டாசு தெரிந்தது. அப்புறம் அந்தப் பையனின் தலைமுடியைப் பிடித்திருந்த கை தெரிந்தது. கரையில் குப்புறப் போட்டதும் பையன் கடலைக் கடலாகவே கக்கினான். பிழைத்துவிட்டான் என்று தெரிந்ததும் நண்பர்களுக்குக் குரல் வந்தது.

"ஒரு போர்டு வெக்கக் கூடாதா? இன்னா ஊருங்க இது?" என்றான் ஒருவன். "பிலிம் ரோல்ல அந்த போஸு வுழுந்துச்சாடா?" என்றான் இன்னொருவன். பையனைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு நன்றி கிடையாது. எனக்குத்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சவுரிமுத்து அவர்களைப் பார்க்கவே இல்லை. மண்டியிட்டு இருமிக்கொண்டிருந்தார்.

பொழுது இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் பஸ் ஒன்று வந்து நின்றது. பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. அந்தக் கூச்சல் காதில் விழுந்ததும் சவுரிமுத்து எழுந்து, ஒரு மட்டையைப் பொறுக்கி வடக்கே வீசினார். அது நேராக உள்ளே போனது.

"அண்ணா, இன்னிக்குப் போதும், ஒக்காரு" என்றான் அந்தோணிசாமி. அவர் மட்டை போன பக்கம் மோவாயைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தண்ணீரை நோக்கி நடந்தார். நனைந்த முடிச்சு தளர்ந்து, கயிறு இடுப்பிலிருந்து நழுவிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

நாகலக்ஷ்மி எழுந்து அவருக்கு முன்னால் போய் நின்றாள். அவர் நின்றார். அவருடைய முகத்தை அவள் பார்க்கவில்லை. தோலுரிந்த கையால் முடிச்சை அவிழ்த்து, கயிற்றை இடுப்பைச் சுற்றிப் புதிதாகக் கட்டினாள். கட்டின இடமெல்லாம் சிவப்பானது. இரண்டு தரம் வெடுக்கென்று இழுத்து, இறுகியிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு விலகி அவருக்கு வழி விட்டுவிட்டு, மறுமுனையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள்.