ஓட்டுவது நான், கேட்பது அவரிடம்

அந்தப் பழைய டீசல் பிக்கப்பை வாங்கியவள் நான். பணம் என்னுடையது, லைசென்ஸ் என்னுடையது, ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டப்போவதும் நான்தான். ஆனால் வாங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு, அந்த வண்டியைப் பற்றி ஒரு மனிதரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. எல்லாரும் என் கணவரிடம் கேட்டார்கள். அவருக்கு கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாது. சைக்கிளைத் தவிர வேறெதையும் அவர் ஓட்டியதில்லை.

மேல்பட்டாம்பாக்கத்தில் எனக்கு ஒரு நர்சரி இருக்கிறது. பலா, முந்திரி, மா என்று ஒட்டுச்செடிகள். சனிக்கிழமைதோறும் சிதம்பரத்தில் மூன்று செடிக்கடைகளுக்குப் போட வேண்டும். வாடகை வண்டிக்காரர் ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பத்தரைக்கு வருவார். அவர் வண்டியில் ஏறிச் சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் வெயிலில் துளிரெல்லாம் தலை தொங்கிவிடும். சொந்த வண்டி இல்லாமல் இனி முடியாது என்று முடிவு செய்தேன்.

கணவர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வண்டி ஒழுங்காகச் சிதம்பரம் போய்வர வேண்டும், இல்லாவிட்டால் விற்றுவிட வேண்டும். நானும் ரோஷத்தில் சரி என்றுவிட்டேன். வண்டி போனால் சிதம்பரம் கடைகள் போகும், அதோடு என் நர்சரியில் பாதியும் போகும் என்பது அவருக்கும் தெரியும்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், கெட்ட பழக்கம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். 'தெரியாது' என்ற சொல் அவர் வாயில் வராது. ஒருமுறை பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் வழி கேட்ட ஒரு குடும்பத்தை, மூட்டை முடிச்சோடு திருவண்ணாமலை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அவர்கள் போக வேண்டியது திருவக்கரைக்கு. பஸ் நகர்ந்த பிறகு நான் சொன்னேன். "அங்கேயிருந்தும் போலாம்" என்றார்.

வண்டியைப் பண்ருட்டியில்தான் பார்த்தோம். பல வருஷம் பலாப்பழம் ஏற்றிய வண்டி. பின்பக்கத் தட்டில் பழ வாசனை ஊறிப்போய், நிறுத்தி வைத்த இடத்திலேயே நூறு ஈ சுற்றிக்கொண்டிருந்தது. புரோக்கர் எனக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு நேராக என் கணவரிடம் போனார். என் கணவர் முன்சக்கரத்தைக் காலால் ஒரு உதை விட்டார். டயரை உதைக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டார்.

"சார் பாக்குறதுலயே தெரியுது, வண்டி விஷயத்துல பழம் தின்னு கொட்ட போட்டவரு" என்றார் புரோக்கர்.

என் கணவர் அதை மறுக்கவில்லை.

நான் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். பிரேக் போட்டால் வண்டி இடது பக்கம் இழுத்தது. கறுப்பாகப் புகை தள்ளியது. இறங்கி வந்து சொன்னேன். புரோக்கர் என் கணவரைப் பார்த்து, "அம்மாவுக்குப் புது வண்டி இல்லையா சார், கைக்கு வர ரெண்டு நாள் ஆவும்" என்றார். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், "முடிச்சிக்கலாமா சார்?" என்று கேட்டார். என் கணவரின் தலை ஆடிவிட்டது. அந்தத் தலை அப்படித்தான், கேள்வி முடியும் இடத்தில் தானாக ஆடும்.

ரிப்பேருக்கு கடலூரில் செம்மண்டலம் பக்கம் ஒரு மெக்கானிக்கைப் பிடித்தோம். முப்பத்தைந்து வயதுக்காரர், கைவேலை சுத்தம், ஏமாற்றத் தெரியாதவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அவருடைய கோளாறு மரியாதைதான். என்னைக் கண்டதும் "வாங்கக்கா" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து, வேப்பமரத்து நிழலில், வண்டியிலிருந்து முப்பதடி தள்ளிப் போடுவார். ஒரு டீ வரும். நான் அங்கே உட்கார்ந்து டீ குடிப்பேன். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வியெல்லாம் அவர் என் கணவரிடம் கேட்பார். நான் ஏதாவது சொன்னால் தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு, "சார்கிட்ட பேசிக்கிறேங்க்கா" என்பார்.

முதல் தடவை பிரேக்குக்கும் புகைக்கும் விட்டோம். திரும்பி வரும்போது கிளட்ச் பிளேட் புதிதாக இருந்தது. பிரேக் இடது பக்கமே இழுத்தது.

"கிளட்ச் எதுக்குங்க மாத்தினாரு?" என்று கேட்டேன்.

"ஒண்ணோட ஒண்ணு சம்பந்தம் இருக்குது. நீ ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றார் கணவர்.

இரண்டாவது தடவை கியர் பாக்ஸையே இறக்கி ஏற்றியிருந்தார்கள். நான்கு நாள் வேலை. புகை முன்பைவிட ஜாஸ்தியாக வந்ததே தவிர வேறு மாற்றம் தெரியவில்லை. கியர் பாக்ஸுக்கு என்ன வந்தது என்று கணவரைக் கேட்டதற்கு, ஒரு பேரரசு உள்ளிருந்தே எப்படி அரித்துப் போகிறது என்பதுபோல ஒரு விளக்கம் கிடைத்தது. பேரிங் என்ற சொல் அதில் மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் வேறு வேறு இடத்தில் இருந்தது.

இன்னொரு சங்கதி, டீசல் முள். அது எப்போது பார்த்தாலும் பாதி டேங்க் காட்டியது. எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. கணவரிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் மெக்கானிக் பாத்துட்டாரு, சரியா இருக்குது" என்றார். வண்டி ரோட்டில் ஓடியதைவிட ஒர்க் ஷாப்பில் நின்றதே அதிகம், அதனால் டீசல் குறையவில்லை போலிருக்கிறது என்று நானும் நம்பிவிட்டேன்.

புரட்டாசி கடைசியில் ஒரு சனிக்கிழமை, முந்நூறு செடியை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். கடலூர் தாண்டி, ஆலப்பாக்கம் தாண்டி, புதுச்சத்திரம் வருவதற்கு முன்னால் எஞ்சின் இரண்டு தரம் இருமி, நின்றுவிட்டது. காலை ஒன்பதரை மணி. அதற்குள் தார் ரோடு கொதித்தது. கணவர் இறங்கி, பானெட்டைத் திறந்து, இடுப்பில் கைவைத்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். ரோட்டில் போன நான்கு பேர் வந்து கூடவே நின்று பார்த்தார்கள்.

"இன்னா சார் பிரச்சனை?" என்று ஒருவர் கேட்டார்.

"ஒயரிங்" என்றார் இவர்.

அரை மணி நேரம் ஒயரிங் பார்த்தார்கள். நான் பின்னால் ஏறி, குடத்தில் இருந்த தண்ணீரைச் செடிகளுக்குத் தெளித்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. செடி ஒவ்வொன்றும் நான் கையால் ஒட்டுக் கட்டி, எட்டு மாதம் பார்த்து வளர்த்தது.

கடைசியில் ஒரு லாரி டிரைவர் நிறுத்தி இறங்கினார். "டீசல் இருக்குதா சார்?" என்று கேட்டார்.

"பாதி டேங்க் இருக்குதுங்க."

லாரிக்காரர் வேலியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து டேங்க்குக்குள் விட்டு எடுத்தார். குச்சி விட்டது போலவே காய்ந்து வந்தது. அதை என் கணவரிடம் கொடுத்தார். அவரும் வாங்கிக்கொண்டார்.

கூட்டத்தில் ஒருவர் பைக்கில் போய் கேனில் டீசல் வாங்கி வந்தார். டீசல் வண்டி காலி டேங்க்கில் ஓடி நின்றால் குழாயில் காற்று புகுந்துவிடும், அதை வெளியேற்றாமல் ஸ்டார்ட் ஆகாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஃபில்டர் மேலே இருந்த ஒரு குமிழை லாரிக்காரர் அழுத்தி அழுத்தி விட்டார், ஒரு திருகைத் தளர்த்தினார், நுரை நுரையாக வந்தது. கடைசிக் கொஞ்சத்தை நான் கேட்டு வாங்கி நானே அழுத்தினேன். குமிழ் இறுகியதும் திருகை மூடினோம். வண்டி பிடித்துக்கொண்டது.

சிதம்பரத்தில் முதல் கடையில் எங்கள் இடத்தில் வேறு யாரோ செடி இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டாவது கடைக்காரர் பாதிதான் எடுத்துக்கொண்டார். மேல வீதியில் இருந்த மூன்றாவது கடைக்காரர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, "அடுத்த வாரமும் இப்பிடின்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அதை என் கணவரிடம்தான் சொன்னார்.

திரும்பும்போது ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். கணவர் பாதி டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"முள்ளு வேல செய்யுதான்னு மெக்கானிக் என்னைத்தான் கேட்டாரு" என்றார் பிறகு. "செய்யுதுன்னு சொல்லிட்டேன்."

"தெரியலன்னு சொல்லியிருக்கலாம் இல்லங்க?"

"பசங்க முன்னாடி ஒரு தடவ அப்பிடிச் சொல்லிட்டா கிளாஸ் நம்ம கையில இருக்காது."

"ஒர்க் ஷாப்புல யாருங்க பசங்க?"

அவர் மீதி டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். எனக்குக் கோபம் இறங்கவில்லை, ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

திங்கட்கிழமை மறுபடி செம்மண்டலம். நாற்காலி வந்தது, டீ வந்தது. மெக்கானிக் பானெட்டைத் திறந்து, "சார், எஞ்சினையே எறக்கிப் பாத்துடலாமா?" என்று கேட்டார். முப்பதடி தூரத்திலிருந்து நான் அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடப்போகும் நேரத்தில் அது நின்றது.

"தம்பி, எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க" என்றார். பள்ளிக்கூடக் குரலில், கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படிதான் அதையும் சொன்னார். "சுத்தமா தெரியாது. ஓட்டுறது அவுங்கதான். அவுங்களக் கேளுங்க."

 மெக்கானிக் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"அப்ப கியர் பாக்ஸ்ல சத்தம் வருதுன்னு சொன்னீங்களே சார்?"

"நீங்க வருதான்னு கேட்டீங்க. நான் வருதுன்னு சொன்னேன்."

"எனக்கு ஒரு சத்தமும் கேக்கல சார். இவ்ளோ உறுதியா சொல்றாரே, சாருக்கு ஏதோ தெரிஞ்சிருக்குது, நமக்குத்தான் புரியலன்னு நெனச்சிக்கினு எறக்கினேன். உள்ள ஒரு கோளாறும் இல்ல. அத உங்ககிட்ட எப்பிடி சொல்றதுன்னு தெரியாம அப்பிடியே ஏத்திட்டேன்."

 நான் டீயை வைத்துவிட்டு எழுந்து வண்டிக்குப் பக்கத்தில் போனேன். பிரேக் எந்தப் பக்கம் இழுக்கிறது, புகை எப்போது கறுப்பாக வருகிறது, காலையில் எத்தனை தடவை சாவியைத் திருப்பினால் பிடிக்கிறது என்று ஆறு மாதத்துக் கதையைச் சொன்னேன். மெக்கானிக் முதலில் தரையைப் பார்த்துக் கேட்டார். பாதியில் நிமிர்ந்துவிட்டார். வண்டி இடது பக்கம் இழுத்தால் வலது பக்கச் சக்கரத்தில்தான் பிரேக் பிடிக்கவில்லை என்று அர்த்தமாம். கழற்றிப் பார்த்தால் உள்ளே எண்ணெய் கசிந்து ஊறியிருந்தது. புகைக்கு, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்து சரிபார்த்தார். காலையில் எஞ்சினைச் சூடாக்கிக் கிளப்பும் ஹீட்டர் பிளக்கில் இரண்டு செத்துப் போயிருந்தன. டீசல் முள்ளுக்கு மட்டும் பாகம் வரப் பத்து நாள் ஆகும் என்றார். சாயங்காலத்துக்குள் வண்டி கையில் கிடைத்தது. எதையும் இறக்கி ஏற்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பி, ஏழரை மணிக்கு மேல வீதிக் கடையின் முன்னால் நிறுத்தினேன். பிரேக் போட்டதும் வண்டி கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. ஒரு துளிர்கூட வாடவில்லை. கடைக்காரர் செடிகளைத் தொட்டுப் பார்த்தார், வண்டியைச் சுற்றி வந்தார், "இனி வாராவாரம் நீங்களே போட்டுடுங்க" என்றார்.  ஐப்பசிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

"வண்டி நல்லாத்தான் வச்சிருக்கீங்க. என்னா மைலேஜ் குடுக்குது சார்?" என்று என் கணவரிடம் கேட்டார்.

கணவர் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு, என்னைக் கை காட்டினார்.

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். கடையில் செடி வாங்க வந்த இரண்டு பேரும் திரும்பினார்கள். முள் வேலை செய்யாத வண்டி, கேனில் ஊற்றிய டீசல், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று ஒருநாளும் எழுதி வைத்ததில்லை. ஆனால் மூன்று பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்கள். அது அவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

"பதினாலு" என்றேன். "லோடு இல்லன்னா பதினஞ்சு."

கணவர் வண்டியின் பின்கதவை இறக்கி, செடிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தார்.