தாய்மாமன் இல்லாத படப்பிடிப்பு

புதன்கிழமை மாலை என்றால் ஞானாம்பிகையைத் தொலைபேசியில் பிடிக்க முடியாது. மணி அடித்துக்கொண்டே இருக்கும். அவள் எழும்ப மாட்டாள். மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு பெரிய மருத்துவமனையின் நீண்ட நடைகூடங்களைப் பகல் முழுதும் துடைத்துவிட்டு, பஸ்ஸும் மெற்றோவும் மாறி லாசாலுக்கு வந்து, முகம் கழுவி, தேநீர்க் கோப்பையோடு அவள் சோபாவின் விளிம்பில் உட்காரும் நேரம் அது.

அவள் பார்ப்பது ஒரு பிரெஞ்சு நிகழ்ச்சி. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'அசலான ஒரு நாள்' என்று வரும். ஏதோ ஒரு சாதாரணக் குடும்பத்தின் ஒரு பெரிய நாளைக் கமராக்காரர் கூடவே நின்று பிடிப்பார்கள். கலியாணம், வீடு மாறுதல், பிரிந்த தகப்பன் திரும்பி வருதல் என்று எல்லாம் வரும். கடைசியில் யாராவது ஒருவர் கமராவை நேரே பார்த்து, மனதில் கிடந்ததைக் கொட்டி அழுவார். ஞானாம்பிகையும் கூடவே அழுவாள். அவளுடைய பிரெஞ்சில் பாதி மருத்துவமனையில் கற்றது. மீதி இந்த அழுகைகளில் கற்றது.

"உதெல்லாம் சொல்லிக் குடுத்து அழ வைக்கிறது," என்பார் கணவர் அரியரத்தினம்.

"சொல்லிக் குடுத்தால் மூக்குச் சிவக்குமோ? அந்த மனுசியின்ரை மூக்கைப் பாருங்கோ!"

"வெங்காயம் உரிச்சாலும் சிவக்கும்."

"உங்களுக்கு மனசெண்டு ஒண்டு இருந்தால்தானே!"

இந்த வீட்டுக்குத்தான் ஒரு நாள் அந்த நிகழ்ச்சிக்காரரே வருவதாகத் தகவல் வந்தது. பதின்மூன்று வயது மகள் தக்ஷினிதான் காரணம். தான் பெரியபிள்ளையானதற்காக நடக்கப்போகும் சாமத்தியவீட்டைப் பற்றிப் பிரெஞ்சில் அழகாக எழுதி, அம்மாவுக்குக்கூடச் சொல்லாமல் கணினியில் அனுப்பிவிட்டிருந்தாள். அவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. 2006ஆம் ஆண்டு மாசி மாதச் சனிக்கிழமை ஒன்றில், லாசாலில் ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் நடக்கவிருந்த அந்தச் சடங்கின் தண்ணீர்வார்வையை முழுதாகப் படம்பிடிக்கிறோம் என்றார்கள்.

ஞானாம்பிகை முதலில் துள்ளினாள். பிறகு சோபாவில் பொத்தென்று இருந்தாள்.

"ஐயோ, மாமன் இல்லையே!"

தண்ணீர்வார்வையில் தாய்மாமன்தான் முதல் ஆள். அவன் தேங்காய் உடைத்து, பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைத்து, முதல் குடம் தண்ணீர் வார்க்க வேண்டும். அவன் மனைவி, பிள்ளைக்கு மாமி, ஆலாத்தி எடுக்க வேண்டும். ஞானாம்பிகைக்குக் கூடப்பிறந்த அண்ணன் ஒருவர் இருக்கத்தான் செய்தார். பேரின்பநாதன் என்று பெயர். எங்கோ கண்காணாத தேசத்திலா இருந்தார்? பாலத்தைத் தாண்டினால் லொங்குய்ய். அங்கேதான் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்.

ஐந்து வருடத்துக்கு முன் அவர் மார்த்தின் என்ற கியூபெக் பெண்ணைக் கட்டினார். கலியாணத்துக்கு முன்பு இரண்டு தரம் வெற்றிலைத் தட்டத்தோடு தங்கை வீட்டு வாசலுக்கு வந்து, "ஞானம், நீ வந்து முன்னுக்கு நிண்டால்தான் எனக்கு அம்மா வந்து நிண்ட மாதிரி," என்று சொல்லிவிட்டுப் போனார். ஞானாம்பிகை போகவில்லை. "வெள்ளைக்காரிக்கு நான் ஆலாத்தி எடுக்கிறதோ?" என்று ஊர் முழுக்கச் சொன்னாள். அந்தச் சொல் அண்ணனின் காதுக்குப் போனது. அன்றோடு இருவருக்கும் கதை பேச்சு இல்லை.

இப்போது மகளின் சாமத்தியவீட்டுக்கு அண்ணனை அழைத்தாளா என்றால், அழைத்தாள். அச்சடித்த கார்ட்டைத் தபாலில் அனுப்பினாள். நம்மவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். தூரத்துப் பழக்கக்காரருக்கே வீட்டுக்குப் போய்ச் சொல்லுகிற சனத்தில், தாய்மாமனுக்கு முத்திரை ஒட்டி அனுப்புவது என்பது 'வராதே' என்று அனுப்புவதுதான். கார்ட்டுக்குப் பதில் வரவில்லை. "நான் சொல்லிப்போட்டன், அவர் வரேல்லை," என்று அவள் மனதைப் பூட்டிக்கொண்டாள்.

ஆனால் தொலைக்காட்சிக்கு மாமன் வேண்டுமே! மேல்மாடியில் இருந்த தியாகலிங்கத்தைப் பிடித்தார்கள். அறுபது வயது, நல்ல தோற்றம், கொஞ்சம் கதைகாரர்.

"தங்கச்சி, கவலையை விடும். ஒரு நாளைக்கு நான்தான் உம்மடை அண்ணன்," என்றார் அவர். மறுநாளே குடத்தைத் தூக்கி ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிட்டார். மாமியாக அவர் மனைவி நல்லம்மா நிற்பதாக ஏற்பாடு.

"அப்ப எங்கடை உண்மையான மாமா?" என்று தக்ஷினி கேட்டாள். சின்ன வயதில் தன்னைத் தோளில் வைத்துக்கொண்டு ஆற்றங்கரை முழுக்க நடந்த மாமாவை அவள் மறக்கவில்லை. படப்பிடிப்புக்கு அவள் எழுதிப்போட்டதற்கும் அதுதான் காரணமோ என்னவோ. கமரா வந்தால் மாமாவும் வந்துவிடுவார் என்று அந்தப் பிஞ்சு மனம் கணக்குப் போட்டிருக்கலாம்.

"வாயை மூடிக்கொண்டு இரு, பிள்ளை," என்றாள் தாய்.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. வெளியே பனி முழங்கால் வரை. உள்ளே மண்டபம் மல்லிகை வாசமும் குழல்விளக்குமாக ஜொலித்தது. நிகழ்ச்சியை நடத்துபவள் ஜொசே என்ற நடுவயதுப் பெண். சிரித்த முகம், மெல்லிய குரல். அவளோடு கமராக்காரர் இருவர்.

தியாகலிங்கம் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மேடையில் ஏறி நின்றார். கமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் அவரும் அந்தப் பக்கம் திரும்பினார்.

"தியாகண்ணை, நீங்கள் பொம்பிளை பாக்க வந்த மாப்பிளை மாதிரி நிக்கிறியள்," என்று கீழே இருந்து யாரோ கத்த, மண்டபமே சிரித்தது.

"பொறாமைப்படாதை. உனக்கும் ஒரு நாள் கமரா வரும்."

பட்டுப் பாவாடையோடு தக்ஷினி மணையில் வந்து இருந்தாள். ஜொசே மைக்கைத் தியாகலிங்கத்திடம் நீட்டினாள்.

"நீங்கள்தான் அம்மாவின் சகோதரரா?"

"உய், உய்!" என்று பிரெஞ்சில் ஆமாம் போட்டு அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"இல்லை," என்றது ஒரு குரல்.

மணையில் இருந்த பிள்ளைதான் பேசினாள். நல்ல தெளிவான பிரெஞ்சில், கமராவைப் பார்த்துச் சொன்னாள். "இவர் எங்கள் மேல்மாடிக்காரர். என் மாமா லொங்குய்யில் இருக்கிறார். அவர் உங்களைப் போல ஒரு பெண்ணைக் கட்டினார் என்று அம்மா அவரோடு கதைப்பதில்லை. இது அசலான ஒரு நாள் என்றால், அசலான மாமா எங்கே?"

பிரெஞ்சு விளங்கியவர்கள் உறைந்துபோனார்கள். விளங்காதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் காதுக்குள் சொன்னார்கள். மண்டபம் முழுக்க அந்தச் செய்தி வரிசை வரிசையாகப் போய் முடிந்ததும், எல்லாத் தலையும் ஞானாம்பிகையின் பக்கம் திரும்பிற்று. கமராக்களும்தான்.

பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று அவள் நின்றாள். ஜொசே மெல்ல அருகில் வந்தாள். அவள் கண்ணும் உண்மையாகவே கலங்கியிருந்தது.

"மதாம், உங்கள் அண்ணனிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா? இதோ கமரா. அவரிடம் சொல்வதாக நினைத்துச் சொல்லுங்கள்."

இந்த இடம்! ஒவ்வொரு புதன்கிழமையும் அவள் காத்திருக்கும் இடம் இதுதான். இங்கேதான் அந்தப் பெண்கள் மனம் திறப்பார்கள். வார்த்தைகள்கூட அவளுக்குப் பாடமாக இருந்தன. அவள் வாயைத் திறந்தாள். கண்ணாடி வில்லைக்குள் தன் முகம் சின்னதாகத் தெரிந்தது. அந்தக் கண்ணாடியைப் பார்த்து அண்ணனிடம் எதைச் சொன்னாலும், அது வசந்தத்தில் நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் ஒரு நாள் அவர் வீட்டுக்குள் போய் விழும். வேறு ஆட்கள் வெட்டி ஒட்டிக் கொண்டுபோய்ப் போடுவார்கள்.

அதுவும் தபாலில் அனுப்பின கார்ட்தானே!

"இல்லை," என்றாள் அவள். "இதுக்குள்ளை சொல்லேலாது."

மேடையிலிருந்த தட்டம் ஒன்றை எடுத்தாள். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், சந்தனம், குங்குமம். கூறைச் சேலைக்கு மேலே பனிக்கோட்டைப் போட்டாள். கமராக்காரர் இருவரும் பின்னால் ஓடி வந்தார்கள். அவள் கதவடியில் திரும்பி, கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்கள் வந்தால் நான் போன மாதிரி இராது. டிவி போன மாதிரி இருக்கும்," என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் ஜொசேயிடம் சொன்னாள். ஜொசே கமராவைக் கீழே இறக்கும்படி கையைக் காட்டினாள்.

"சனத்துக்குத் தேத்தண்ணி குடுங்கோ! ரோல்ஸைக் கொண்டு வாங்கோ!" என்று தியாகலிங்கம் தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு கட்டளையிட்டார். "மாமன் உத்தியோகம் போனால் என்ன, மண்டபம் என்ரை பொறுப்பு. தங்கச்சி, நீர் போட்டு வாரும்!"

அரியரத்தினம் காரை ஓட்டினார். பாலத்தின் மேல் காற்று காரை உலுக்கிற்று. அண்ணன் வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு அவர் சொன்னார்: "நீர் தனியப் போம். நானும் வந்தால் சண்டைக்கு ஆள் கூட்டி வந்த மாதிரி இருக்கும்."

மார்த்தின்தான் கதவைத் திறந்தாள். மெல்லிய உயரமான பெண், கை முழுக்கக் குழைத்த மா. ஐந்து வருடமாக ஞானாம்பிகை அவளைப் புகைப்படத்தில்கூடப் பார்த்ததில்லை. பின்னாலேயே பேரின்பநாதன் வந்தார். தலை நரைத்திருந்தது. தங்கையைக் கண்டதும் அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்தது. வந்த வேகத்தில் அதை அடக்கிக்கொண்டார். அவளைத் தாண்டி, பனி குவிந்த தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"எங்கை ஒளிச்சு நிக்கினம்?"

"ஆர் அண்ணை?"

"டிவிக்காரர். மொன்றியல் முழுக்கத் தெரியும். தியாகலிங்கம் மாமனாம், ஒத்திகையாம். இப்ப என்ன, அவர் சரியா நடிக்கேல்லையோ? அசல் மாமன் வேணுமெண்டு கேட்டவையோ?"

ஒவ்வொரு சொல்லும் ஊசியாக இறங்கிற்று. பொய் சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் அவர் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. தான் இப்போது வந்தது கமராவுக்காக அல்ல என்பதை அவள் எதைக் காட்டி நிரூபிப்பாள்?

"கமராவை நிப்பாட்டிப்போட்டு வந்தனான் அண்ணை."

"நிப்பாட்டினதைப் பேந்து போடலாம்தானே."

அவளுக்கு அழுகை பொங்கிற்று. ஆனால் அழவில்லை. அண்ணனை விட்டுவிட்டு, மார்த்தினின் பக்கம் திரும்பினாள். அந்தத் தட்டத்தை அவளிடம் நீட்டினாள். பிரெஞ்சில், மருத்துவமனைப் பிரெஞ்சில், தடுக்கித் தடுக்கிச் சொன்னாள்.

"உங்கள் கலியாணத்துக்கு நான் வரவில்லை. கெட்ட வார்த்தை சொன்னேன். என் மகளுக்கு நீங்கள்தான் மாமி. வேறு ஒருவரும் இல்லை. நீங்கள் இருவரும் வராவிட்டால் இன்றைக்கு என் பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்க மாட்டேன். வந்த சனத்துக்குச் சாப்பாடு போட்டு அனுப்பிவிடுவேன். தொலைக்காட்சியையும் அனுப்பிவிடுவேன்."

மார்த்தினுக்கு இந்தத் தட்டம் என்னவென்று விளங்கவில்லை. கணவனைப் பார்த்தாள். அவர் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். "இது... எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வந்து..." ஐந்து வருடமாக அவர் எதற்காகக் காத்திருந்தார் என்பது அந்த முகத்தில் அப்போது தெரிந்தது. மார்த்தின் மா ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் தட்டத்தை வாங்கிக்கொண்டாள்.

"உள்ளே வாருங்கள், குளிர்கிறது," என்றாள்.

பேரின்பநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மூக்கை உறிஞ்சினார்.

"என்ரை வேட்டி எங்கை கிடக்கோ தெரியேல்லை."

"காற்சட்டையோட வாங்கோ அண்ணை. ஆர் என்ன சொல்லுறது?"

"விசரி! காற்சட்டையோட மாமன் தண்ணி வாக்கிறதோ? பொறு, தேடுவம்."

அன்றைய தண்ணீர்வார்வை அப்படித்தான், மடிப்புக் கலையாத பழைய வேட்டியோடு நடந்தது. தேங்காய் ஒரே அடியில் உடையவில்லை, "நாரிப்பிடிப்போ அண்ணை?" என்று தியாகலிங்கம் பக்கத்தில் நின்று அவர் இடுப்பைக் காட்டிக் கேட்டார். பால் அறுகு வைத்துத் தண்ணீர் வார்க்கையில், "மாமா, குளிருது!" என்று தக்ஷினி வீரிட்டாள். மார்த்தின் ஆலாத்தித் தட்டை இடப்பக்கமாகச் சுற்றத் தொடங்க, ஞானாம்பிகை பின்னால் வந்து அவள் கையோடு கை வைத்து, வலப்பக்கமாகச் சுற்றிக் காட்டினாள். அதற்குப் பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. இருவரும் ஒன்றாகவே எடுத்து முடித்தார்கள்.

ஜொசே கடைசியில் பேரின்பநாதனிடம் மைக்கை நீட்டினாள். "வீட்டில் தங்கை உங்களிடம் என்ன சொன்னார்?"

"அது எனக்கும் என் மனைவிக்கும் சொன்னது," என்று சொல்லிவிட்டு அவர் சாப்பாட்டு வரிசைக்குப் போனார்.

நிகழ்ச்சி சித்திரை மாதத்தில் ஒரு புதன்கிழமை ஒளிபரப்பானது. லொங்குய்யில் பேரின்பநாதன் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். ஞானாம்பிகை மட்டும் குசினியில் மார்த்தினுக்கு வடை தட்டக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஞானம், உன்னைக் காட்டுறாங்கள்! ஓடி வா, ஓடி வா!" என்று அண்ணன் முன்னறையிலிருந்து கத்தினார். "தட்டத்தோட வெளியாலை போறாய்! ஐயோ, இந்தா, முடிஞ்சுது. கதவை மட்டும் காட்டுறாங்கள்."

"எண்ணெய் காயுது அண்ணை, பேந்து வாறன்," என்றாள் அவள். மார்த்தினின் உள்ளங்கையைப் பிடித்து, வடையின் நடுவில் எங்கே விரலை வைப்பது என்று காட்டினாள்.