பயப்பட ஓர் ஆள்

ஓமானில் மணல்மேடுகள் தொடங்கும் இடத்தில் ஒரு பெட்ரோல் நிலையம் இருக்கிறது. அங்கே பெரிய மனிதர்கள் வெள்ளைத் திஷ்தாஷா அங்கியின் மடிப்புக் கலையாமல் குந்தி உட்கார்ந்து, தங்கள் வண்டி டயர்களிலிருந்து காற்றைப் பிடுங்கிவிட்டுக்கொண்டிருப்பார்கள். டயர் தொளதொளவென்று இருந்தால்தான் மணலில் அகலமாகப் படிந்து புதையாமல் போகுமாம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரின் சைக்கிளுக்கு இதே சேவையைச் செய்து வெயிலில் முட்டிபோட்டவன் நான். அதே காரியத்தை நரைத்த மீசையோடு, கையில் அளவுமானியோடு, பாதுகாப்பு நடவடிக்கை என்ற பெயரில் செய்வேன் என்று அந்த வாத்தியாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

என்னை அங்கே குந்த வைத்தவர் பஷீர் பாய். கள்ளக்குறிச்சிக்காரர். மஸ்கட்டில் ஒரு துணிக்கடையில் தலை கறுப்பாக இருந்தபோது சேர்ந்து, வெளுத்த பிறகு விடைபெறுகிறவர். ஒரேயடியாக ஊர் திரும்ப டிக்கெட்டும் எடுத்தாயிற்று. போவதற்கு முன் எங்காவது அழைத்துப் போகிறேன், எங்கே வேண்டும் என்று கேட்டேன்.

“மணலப் பாக்கணும்” என்றார்.

“இன்னா பாய், பாலைவனத்துல இருந்துகினு மணலப் பாக்கணுங்கறீங்க?”

“நான் எங்க பாலைவனத்துல இருந்தேன்? கடையில இருந்தேன். ஊருக்குப் போனா பேரப்பசங்க மணல்மேடு எப்டி இருக்கும்னு கேப்பானுங்க. ரெண்டு சட்டைக்கு எவ்ளோ துணி ஆவும்னு சொல்றதா?”

கேட்டது நியாயம். ஆனால் அவருக்குச் சர்க்கரை. ஊரில் அவர் மனைவி நசீமா, கணவர் இல்லாமலேயே பிள்ளைகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர், என்னிடம் ஃபோனில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்: “அந்தோணிண்ணே, அவர முழுசா அனுப்பி வைங்க.” நானும் கூரியர் கம்பெனி போல உறுதி கொடுத்திருந்தேன். எலவனாசூர்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவன் கொடுத்த வாக்கு. அதற்குப் பிறகு மணலில் எது நடந்தாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் எதையும் படித்துவிட்டுத்தான் பயப்படுவேன். பாலைவனத்தில் பாதுகாப்பாக வண்டி ஓட்டுவது பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்தேன். தனியாகப் போகாதே, இரண்டாவது வண்டி வேண்டும். குடிக்கிற அளவைவிட அதிகமாகத் தண்ணீர் வேண்டும். மண்வாரி, இழுகயிறு, மேட்டுக்கு அந்தப் பக்கம் வருகிறவன் பார்க்க நீளக் கம்பில் கொடி. எல்லாம் தயார். இரண்டாவது வண்டி, நான் கணக்கு எழுதும் அலுவலகத்து நண்பன் சலீமுடையது. அவன் இந்த நாட்டுக்காரன், மணலில் விளையாடி வளர்ந்தவன். அவனிடம் என் ஏற்பாடுகளை ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நாம் போவது யாருக்குத் தெரியும்?” என்றான்.

“என் மனைவிக்கு மட்டும். அவளும் ஆஸ்பத்திரி டியூட்டியில் இருப்பாள், ஃபோனைத் தொட முடியாது. பாய் தன் வீட்டில் சொல்லவே இல்லை” என்றேன் பெருமையாக. “பாவம், எதற்கு அவர்களுக்குக் கவலை?”

“அவருக்கும் மனைவிக்கும் சண்டையா?” என்றான் சலீம்.

இதை அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? கடல் தாண்டி வந்த நம் ஆட்களுக்கு அன்பு என்றாலே மறைப்பதுதான். காய்ச்சலில் கிடந்தாலும் குரலைச் சரிசெய்துகொண்டு “நல்லா இருக்கேன்” என்போம். அந்தப் பக்கம் கூரை ஒழுகினாலும் “இங்க ஒண்ணும் இல்ல” என்பார்கள். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் இப்படிக் காப்பாற்றிக் காப்பாற்றி, கடைசியில் யார் எப்படி இருக்கிறார் என்பது யாருக்குமே தெரியாமல் போய்விடுகிறது. மணலின் முறை வேறு. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். குறித்த நேரத்தில் வராவிட்டால் அவர் பயந்தாக வேண்டும். பயப்பட ஆள் இல்லாதவன் மணலில் இறங்கக்கூடாது என்றான் சலீம்.

பஷீர் பாய் இரண்டு நாள் யோசித்தார். பிறகு என் எதிரிலேயே, ஸ்பீக்கரில் போட்டு, மனைவியை அழைத்தார்.

“நசீமா, நாளைக்கு பாலைவனத்துக்குப் போறேன்.”

“இன்னாத்துக்கு? ஒட்டகத்துக்குத் துணி விக்கவா?”

“சும்மா பாக்க.”

“யாரு வண்டி ஓட்றது?”

“அந்தோணி.”

“அப்ப நான் பயந்துதான் ஆவணும்.”

“அதுக்குத்தான் சொல்றேன்” என்றார் பாய். “அஸர் பாங்குக்குள்ள ஃபோன் பண்ணிடுவேன். பண்ணலன்னா நான் அனுப்பற நம்பர்ல பேசு. சலீமோட அண்ணன். உன்ன மாதிரி அவருக்கும் உருது தெரியும்.”

பிற்பகல் தொழுகைக்கான அந்தப் பாங்கு நேரத்தை நானும் மனதில் குறித்துக்கொண்டேன். “இத்தினி வருசத்துல எங்க போறேன்னு இன்னிக்குத்தான் சொல்றீங்க” என்றார் நசீமா. “சரி. அஸருக்குள்ள.”

மறுநாள் வெயில் இன்னும் பழுக்காத நேரத்தில் மணலுக்குள் போனோம். சத்தம் என்ற ஒன்றை யாரோ அணைத்துவிட்டதுபோல இருந்தது. மேடுகள் உருகிய வெல்லத்தின் நிறத்தில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கின. காற்று வீசினால் அவற்றின் முதுகு மெல்ல நகர்ந்தது, போர்வைக்குள் யாரோ புரண்டு படுப்பதுபோல. பஷீர் பாய் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். ஒரு கை மணலை அள்ளி, விரல் இடுக்கில் விட்டு, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அவர் கண் பாதி மூடியிருந்தது.

“நல்ல துணி அந்தோணி. எங்கியும் தையலே இல்ல.”

தூரத்து மேடுகள் நீலமாகத் தெரிந்தன. கச்சிராயபாளையம் சாலையில் போகும்போது கல்வராயன் மலை இப்படித்தான் தெரியும், மலையா மேகமா என்று முடிவு செய்யாத நீலத்தில். வெள்ளிமலைக்கு ஒருமுறை மழைக்காலத்தில் ஜீப்பில் போனோம். சேற்றில் சக்கரம் சுற்றத் தொடங்கியதும் எல்லாரும் இறங்கினார்கள். கல்லும் தழையும் சக்கரத்துக்கு அடியில் போயின. பத்துக் கைகள் பின்னால் தள்ள, “மிதி, மிதி” என்று பனிமூட்டத்துக்குள் குரல்கள் கேட்க, ஜீப் உறுமி எழுந்து எங்கள் முகத்தில் சேற்றை இறைத்துவிட்டுப் போனது. கரும்பு டிராக்டர் வரப்பில் இறங்கினாலும் அதே வைத்தியம்தான். எங்கள் பக்கத்தில் வண்டி மாட்டிக்கொண்டால் அது ஊர் விவகாரம்.

அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டியபோது ஒரு சரிவில் சக்கரம் சுற்றியது. படித்ததெல்லாம் மறந்துபோனது. என் கால் கல்வராயன் மலைக்குப் போய்விட்டது. பாய் நான் சொல்லாமலேயே இறங்கிப் பின்னால் போய், “மிதி அந்தோணி, மிதி” என்று தள்ளினார். மேட்டின் மேலிருந்து சலீம் இரண்டு கைகளையும் ஆட்டியபடி ஓடிவந்தான். உற்சாகப்படுத்துகிறான் என்று நினைத்து இன்னும் மிதித்தேன். அவன் நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கிறான். அவன் வந்து சேர்ந்தபோது வண்டி வயிறுவரை புதைந்து, அடைகாக்கும் கோழிபோல உட்கார்ந்திருந்தது. கயிறு கட்டி இழுக்க வந்த அவன் வண்டியும் அதே பள்ளத்தில் இறங்கியது. இரண்டு வண்டி வேண்டும் என்று படித்திருந்தேன். இரண்டும் ஒன்றாகப் புதையக்கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

சிக்னல் இல்லை. நானும் சலீமும் மண்வாரியால் அள்ள அள்ள, மணல் திரும்பிச் சரிந்தது. வெயில் ஏறியது. பாய் வண்டி நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார், பேரீச்சம்பழம் சாப்பிட்டார். கொண்டுவந்த உணவு மதியம்வரை கணக்குப் போட்டது, தீர்ந்துவிட்டது. அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. பாட்டில் மூடியைத் திருக முடியாமல் என்னிடம் நீட்டினார். முழுசா அனுப்பி வைங்க.

“இங்கே அஸருக்கு இன்னும் நேரம் இருக்கிறது” என்றான் சலீம். “அதற்குப் பிறகுதான் அண்ணன் கிளம்புவார்.” அவன் வானத்தைப் பார்த்தான். நான் பாயைப் பார்த்தேன்.

அப்போது மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கொடி நுனி ஆடியது. பிறகு கம்பு, பிறகு பிக்கப் வண்டி. சலீமின் அண்ணன்தான். கையில் குளிர்ந்த லபன் மோரும் ரொட்டியும் இருந்தன. எப்படி இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டோம்.

“உங்கள் ஊர் அம்மா கூப்பிட்டார்” என்றார் அவர். முகத்தில் இன்னும் திட்டு வாங்கிய களை இருந்தது. “அஸர் முடிந்துவிட்டது, நீ வீட்டில் என்ன செய்கிறாய் என்றார். இங்கே அஸருக்கு நேரம் இருக்கிறது அம்மா என்றேன். உன் அஸர் எனக்கு எதற்கு என்றார்.”

கள்ளக்குறிச்சியில் பொழுது இங்கே இருப்பதைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்திச் சாய்கிறது. இத்தனை வருடம் பிரிந்திருந்த கணவனும் மனைவியும் எந்த ஊர் அஸர் என்று பேசிக்கொள்ளவே இல்லை. அவரவர் பள்ளிவாசல் பாங்கை நம்பினார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அண்ணன் இரண்டு வண்டிகளையும் இழுத்து மீட்டுவிட்டார். சாலைக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் பாய் அழைத்தார்.

“வந்துட்டோம்மா.”

“குரலு இன்னா ஒரு மாதிரி இருக்குது?”

பாய் என்னைப் பார்த்தார். வழக்கமான “ஒண்ணும் இல்ல” உதடுவரை வந்தது தெரிந்தது. “சக்கரை கம்மியாய்டுச்சி. இப்ப பரவால்ல. பயந்துட்டேன்” என்றார்.

“நானுந்தான்” என்றார் நசீமா. “அந்தோணிண்ணன்கிட்ட குடுங்க. அண்ணே, நீங்க கணக்கு எழுதறதோட நிறுத்திக்கங்க.”

நிறுத்திக்கொள்ளவில்லை. பாய் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் எப்போதாவது சலீமோடு மணலுக்குப் போகிறேன். எனக்காகப் பயப்படும் வேலையைப் பாய் அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது ஃபோனில் என் இருப்பிடத்தை அனுப்பிவிடுவேன். சிக்னல் இருக்கும்வரை அவர் திரையில் நான் ஒரு புள்ளியாக நகர்வேன், பிறகு நடுமணலில் நின்றுவிடுவேன். போன வெள்ளிக்கிழமை சாலையை நெருங்கியபோது நசீமாவின் குரல்செய்தி வந்து விழுந்தது. பின்னணியில் நல்ல மழைச் சத்தம்.

“அண்ணே, கல்யாண வூட்ல எல்லாரும் பிரியாணிக்கு உக்காந்தாச்சி. இவுரு மட்டும் வெளிய மழையில நின்னுகினு, உங்க புள்ளி நகரலன்னு ஃபோனையே பாத்துகினு கீறாரு. சீக்கிரம் நகருங்கண்ணே.”

மெல்ல வண்டியைச் சாலையில் ஏற்றினேன். கள்ளக்குறிச்சியில் ஒருவர் நனைந்துகொண்டே, என்னோடு சேர்ந்து மணலைவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்.