முட்டத்தில் மூன்று நாள்

அப்பா இறந்து நாற்பது நாள் ஆகிறது. பெயர் நாராயணபெருமாள். அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர். டிக்கெட்டைப் பார்ப்பதற்கு முன் முகத்தைப் பார்ப்பார். ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பார்வை போகவில்லை. சுசீந்திரத்தில் எங்கள் வீட்டுக்கு வரும் மீன்காரிகூட அதற்குத் தப்பியதில்லை.

நான் மஸ்கட்டில் இன்ஸ்ட்ருமென்டேஷன் எஞ்சினியர். ஒரே மகள். ஆடியில் லீவில் வந்து அப்பாவுக்கு ஸ்கேன் எடுத்தபோது டாக்டர் என்னை மட்டும் உள்ளே அழைத்தார். கணையத்தில் கட்டி, நாலு மாதம் என்றார். அப்பாவிடம் குடல்புண் என்றேன். அவருக்குத் தெரிவதற்குள் மூன்று நாள் அவரோடு சும்மா இருக்க வேண்டும். முட்டம் கடற்கரையில், பாறைகளுக்கு மேலே இருந்த ஒரு விடுதியில் கீழ்த்தள அறை ஒன்றைப் பதிவு செய்து அப்பாவிடம் சொன்னேன்.

மறுநாள் காலை அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“கீழ ரூமு என்னத்துக்குட்டி?”

“கடலு நல்லா தெரியும்பா.”

“மாடியிலதான தெரியும்?”

கொடியில் கிடந்த துணியை மடிக்கத் தொடங்கினேன்.

“ரூமுக்காரன் ஜெபதாசுக்கு நான் போன் போட்டேன். பக்கத்துல ஆஸ்பத்திரி உண்டான்னு ரெண்டு மட்டம் கேட்டியாம். குடல்புண்ணுக்கா?”

“ஒரு பாதுகாப்புக்குத்தான்.”

“தேதியப் பாத்தியா?”

லீவு நாட்களைப் பார்த்திருந்தேன். பஞ்சாங்கம் பார்க்கவில்லை.

“ஆடி அமாவாசை! அன்னைக்குப் பிள்ளைகள் கடலுக்குப் போறது செத்த அப்பனுக்கு எள்ளும் சோறுமா பலி போட. அப்பனையும் கையோட கூட்டிட்டுப் போறவ ஊருலயே நீ ஒருத்திதான், மக்கா.”

சிரிக்கப் பார்த்தேன். அழுதுவிட்டேன். அவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எவ்வளவு நாளு சொன்னாரு?”

“நாலு மாசம்.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது.”

“யாரும் அறியண்டாம். வந்து ஒப்பாரி வச்சிருவாளுவ.” சுவர்க் காலண்டரில் விரலை ஓட்டினார். “அடுத்த வாரம் போலாம். ஜெபதாசுகிட்ட நானே பேசுகேன். உனக்குப் பொய் சொல்லத் தெரியல்ல.”

போனோம். மூன்று நாளும் அவர் நோயைப் பற்றிப் பேசவில்லை. ஜெபதாஸ் கொண்டுவந்த மீன் நேற்றையது என்று சண்டை போட்டார். கடைசி நாள் மாலை பாறையில் உட்கார்ந்திருந்தோம். அலை தணிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் கீழே இறங்கலாமா என்று கேட்டேன்.

“நம்பாத. அடங்கின மாதிரி நடிக்கும்” என்றார்.

பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அதுவரை யார் தோளையும் அவர் பிடித்து நான் பார்த்ததில்லை.